முதலில் கால், மனசு கடைசி

எங்கள் தெருக்கோடியில் நாய்களுக்கென்றே ஒரு மருத்துவமனை வந்திருக்கிறது. கண்ணாடிக் கதவு, மின்விசிறி, நாயோடு வருபவர் உட்கார மெத்தை வைத்த நாற்காலி எல்லாம் உண்டு. போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் தன் நாயை அங்கே காட்டிவிட்டு வந்தார். அது எந்நேரமும் முன்னங்காலை நக்கிக்கொண்டே இருக்கிறதாம்.

"மனக்கவலையாம் சார். பொண்ணு கல்யாணமாகிப் போயிட்டா இல்ல, அந்த ஏக்கம். மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க" என்றார்.

"காலைத் தூக்கிப் பாத்தாங்களா?" என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்தார். "கண்ணைப் பாத்தாங்க."

எனக்குச் சுருக்கென்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து நாயின் காலை மடியில் வாங்கினேன். மூன்றாவது விரலுக்கும் நான்காவது விரலுக்கும் நடுவில் ரத்தம் குடித்து ஊதிப்போன உண்ணி ஒன்று சொகுசாகக் குடியிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்தேன். மறுநாளிலிருந்து நாய்க்கு மகளைப் பற்றிய ஏக்கம் தீர்ந்துவிட்டது.

இந்த விஷயம் எப்படியோ அந்த இளம் டாக்டர் காதுக்குப் போய்விட்டது. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ வீடு தேடி வந்து, காபி குடித்துவிட்டு, "உங்க காலத்துல எப்படிப் பாப்பீங்கன்னு எழுதிக் குடுங்க சார், எங்க சங்கத்து மலர்ல போடறோம்" என்றார். நல்ல பிள்ளை. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக மைசூர் சமஸ்தானத்து உத்தியோகத்தில் இருந்த தமிழ்க் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் கன்னடம். தாத்தா சர்க்கார் கச்சேரி, அப்பா சர்க்கார் கச்சேரி, நானும் கச்சேரி என்று எல்லாரும் முடிவு செய்திருந்தபோது நான் மதராசுக்குப் போய் மாட்டு டாக்டருக்குப் படித்தேன். அப்பா ஒரு வருஷம் பேசவில்லை. படித்ததில் பாதி மாடு, கால்வாசி குதிரை, மீதி ஆடும் கோழியும். நாயைப் பற்றி ஒரே ஒரு பாடம்தான் இருந்தது, அதுவும் வெறிநாய்க்கடி. ஆனால் பெங்களூரில் என்னைப் போட்ட இடம் கன்டோன்மென்ட் பக்கத்து அரசு ஆஸ்பத்திரி. அங்கே மாட்டைவிட நாய்தான் அதிகம் வந்தது.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் நஞ்சுண்டய்யா. அவரை மகான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். முன்கோபி. கம்பவுண்டர் பஞ்சைத் தவறாகக் கத்தரித்தால் பஞ்சு பறக்கும், சில சமயம் கத்தரிக்கோலும் பறக்கும். தன் வெள்ளைக் கோட்டின் மடிப்பில் அவருக்கு இருந்த அக்கறை கொஞ்சநஞ்சமில்லை. மற்றவர் செய்த நல்ல வேலையைத் தான் செய்ததாகவே மேலிடத்தில் சொல்லுவார். இதையெல்லாம் மீறி அவரை நான் மதித்ததற்குக் காரணம் அவர் ஒரு காலைப் பார்க்கும் விதம்.

நாய் காலை நக்குகிறது என்று யாராவது வந்தால், முதலில் நாயை மேசையில் ஏற்ற விடமாட்டார். "நடக்கட்டும்" என்பார். வராந்தாவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கவேண்டும். பிறகு கழுத்து, தோள், முழங்கை, மணிக்கட்டு என்று மேலிருந்து அழுத்திக்கொண்டே வருவார். கால் கடைசியில்தான் வரும். அதையும் விளக்கில் பார்க்கமாட்டார், ஜன்னல் வெளிச்சத்தில்தான். ஒவ்வொரு விரலிடுக்கையும் கட்டைவிரலால் விரித்து, நகத்தை ஒவ்வொன்றாக அசைத்து, உள்ளங்கால் மெத்தையைத் தடவி, கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். அந்த மூக்குக்காகவே அவர் பொடி போடுவதை விட்டவர். ஆஸ்பத்திரிக்குள் யாரும் பீடி பிடிக்கக்கூடாது. ஒரு காலில்தான் கோளாறு என்று சொன்னாலும் நான்கையும் பார்த்து முடிக்காமல் வாய் திறக்கமாட்டார். யாராவது அவசரப்பட்டு, "சொரகிகொண்டிதெ, பாவம்" என்று நாய் வாடிப்போனதைப் பற்றிப் பேசினால், "மனசு கடைசி, ரீ. மொதல்ல கால்" என்பார்.

அத்திபெலேயிலிருந்து ஒரு மண்டிக்காரர் ஒருமுறை தன் காவல்நாயைக் கொண்டுவந்தார். வலது முன்னங்காலை நக்கி நக்கி ரோமமே போய்விட்டது. ஊரில் எல்லாரும் முள் தேடியிருக்கிறார்கள். ஒருவர் ஊசியை வைத்து நோண்டி இல்லாத புண்ணையும் உண்டாக்கியிருந்தார். நஞ்சுண்டய்யா தோளில் கை வைத்து அழுத்தியதும் நாய் வீறிட்டது. மூட்டை சரிந்து தோளில் விழுந்திருக்கிறது, வலி அங்கே. நாயால் தோளை நக்க முடியுமா? நாக்கு எட்டுகிற இடத்தை நக்கியது. மண்டிக்காரர் போகும்போது ஒரு படி ராகியைக் கொடுத்துவிட்டு, "இதுக்குப் போயி ஊரையே கூட்டினேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

இதெல்லாம் சாதாரண நாள்களின் கதை. நான் சொல்ல வந்தது டெய்ஸியின் கதை.

சுதந்திரம் வந்த வருஷம். கன்டோன்மென்ட் பங்களாக்கள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்தன. பியானோவை விற்றார்கள், குதிரையை விற்றார்கள், நாயை என்ன செய்வது? இங்கிலாந்துக்குக் கொண்டுபோனால் இறங்கியதும் வெறிநோய்க்குப் பயந்து ஆறு மாதம் கூண்டில் அடைத்துவைப்பார்கள். கப்பல் செலவு வேறு. தெருவில் விடவும் மனம் வராது. ஆகையால் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். காலையில் வாசலைத் திறக்கும்போதே ஜட்கா நிற்கும். நன்றாக வளர்ந்த, பளபளவென்று சீவிவிட்ட, ஒரு நோயும் இல்லாத நாய்கள். நான்தான் கடைசி ஊசி போடுவேன். நஞ்சுண்டய்யா அந்த வேலையை என்னிடம் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த மாதங்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா வயிற்றுப்பூச்சி என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்தார்.

மார்கரெட் கிரெய்க் என்ற துரைசாணி ஒருவர் புறப்படும்போது மட்டும் வேறு ஏற்பாடு செய்தார். தன் நாய் டெய்ஸியைக் கொல்ல அவருக்கு மனம் வரவில்லை. வெள்ளை உடம்பில் காதுமட்டும் பழுப்பான குட்டை நாய் அது. அந்த வீட்டுத் துணி வெளுத்த முனுசாமியும் அவர் மனைவி கன்னியம்மாவும் தாங்கள் வைத்துக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். துரைசாணி ஒப்புக்கொண்டார். ஆனால் தன் தோழி மிஸ் பார்லோவிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொண்டார். டெய்ஸி தன்னை நினைத்து ஏங்கிச் சோர்ந்தால், அதை வதைபட விடாமல் ஊசி போட்டுத் தூங்கவைத்துவிட வேண்டும்.

மிஸ் பார்லோ கன்டோன்மென்டில் பெண்கள் பள்ளி ஒன்றில் வெகுகாலம் டீச்சராக இருந்தவர். முன்ஷி வைத்துத் தமிழ் படித்தவர் என்பதால் புத்தகத்தில் உள்ளது போலவே பேசுவார். காய்கறிக்காரியிடமும் அப்படியே. அவருக்கும் ஒரு நாய் உண்டு, ரூபர்ட் என்று தொங்கு காதும் வெள்ளைக் காலுமாக. அவர் எங்கே போனாலும் அது பின்னால் போகும்.

துரைசாணி கப்பலேறி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு நாள் காலையில் மிஸ் பார்லோ ஜட்காவில் வந்து இறங்கினார். பின்னாலேயே முனுசாமி, டெய்ஸியை இஸ்திரி போட்ட வெள்ளைத் துப்பட்டியில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். அது யார் வீட்டுத் துப்பட்டியோ. கன்னியம்மா அழுது முகம் வீங்கி வந்திருந்தார்.

"டாக்டர், இவள் துக்கத்தினால் இளைத்துப்போகிறாள்" என்றார் மிஸ் பார்லோ. "நாள் முழுவதும் கால்களை நக்குகிறாள். பயணத்துக்காகப் பெட்டிகளைப் பரணிலிருந்து கீழே இறக்கிய அன்றே இது ஆரம்பித்தது. மார்கரெட்டே அதைக் கண்டு அழுதாள். இப்போது அதிகமாகிவிட்டது. நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"வாக்கு இருக்கட்டும்மா" என்றார் நஞ்சுண்டய்யா. "நாயை நடக்க விடுங்க."

"அவசியம் என்ன? தாங்கள் ஊசியை மட்டும்..."

"நடக்கட்டும்."

டெய்ஸி வராந்தாவில் நடந்தது. சுடுகல்லில் நடப்பதுபோல் காலை எடுத்து எடுத்து வைத்தது. கோடிக்குப் போனதும் உட்கார்ந்து நக்க ஆரம்பித்துவிட்டது. நான் உள்ளே போய் ஊசியைக் கொதிக்கவைத்து, மருந்தை எடுத்து வைத்தேன். அது என் வேலை. திரும்பி வந்தபோது நாய் மேசையில் ஜன்னலோரமாக நின்றது, நஞ்சுண்டய்யா மூன்றாவது காலுக்கு வந்திருந்தார்.

"சம்பத், இங்க நோடி" என்றார்.

பார்த்தேன். எச்சில் பட்டுப் பட்டு வெள்ளை ரோமம் துருவேறியதுபோல் பழுப்பாகியிருந்தது. அதிசயமில்லை. விரலிடுக்கில் தோல் சிவந்து வெந்திருந்தது. அதிலும் அதிசயமில்லை. ஆனால் நான்கு காலிலும் ஒரே உயரத்தில், கணுக்காலுக்குச் சற்று மேலே, கோடு போட்டதுபோல் அந்தச் சிவப்பு நின்றுவிட்டது. அதற்கு மேலே தோல் பால் மாதிரி சுத்தம். நஞ்சுண்டய்யா என் விரலைப் பிடித்து விரலிடுக்கில் வைத்தார். தோல் தடித்து, சொரசொரவென்று, கறுத்திருந்தது.

"இது ஒரு மாசத்து வேலையா?"

"இல்லை சார்."

"எவ்வளவு?"

"ஒரு வருஷம் இருக்கலாம்."

அவர் காலை முகர்ந்தார். மறுபடி முகர்ந்தார். பிறகு மிஸ் பார்லோ பக்கம் திரும்பினார். "அம்மா, ஏக்கத்துக்குக் கோடு கிடையாது. இது ஏதோ தண்ணியில நின்ன கால். இந்தத் தோல் தடிக்க ஒரு வருஷம் ஆகியிருக்கும். உங்க தோழி பெட்டியை எறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த நாய் நக்க ஆரம்பிச்சாச்சு. அவங்க கவனிக்கலை, பெட்டி எறக்கினப்போதான் கவனிச்சாங்க."

மிஸ் பார்லோ முகம் சிவந்தது. "மார்கரெட் அவளைக் கண்ணைப்போல் வைத்திருந்தாள். கேட்டைத் தாண்ட விட்டதில்லை. அந்த வீட்டில் அவளைப் புண்படுத்தும் தண்ணீர் எங்கே இருந்தது?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். ஒரு வருஷமா இந்த நாய் எங்க போச்சு?"

முனுசாமி துப்பட்டியை மடித்துக்கொண்டிருந்தார். மடித்ததைப் பிரித்தார், மறுபடி மடித்தார். கன்னியம்மா அவர் முகத்தையே பார்த்தார்.

"காரணம் தெரிஞ்சா மருந்து குடுப்பேன்" என்றார் நஞ்சுண்டய்யா. "தெரியலைன்னா இந்தப் புண் ஆறாது, நாளைக்கு இன்னும் மோசமாகும். அப்புறம் இந்த அம்மா கேக்கிறதை நான் இல்லைன்னு சொல்ல முடியாது. நாய் அவங்க பொறுப்பில இருக்கு."

மிஸ் பார்லோ கைக்குட்டையை எடுத்தார். "எனக்கு இது பிரியமான காரியம் அல்ல, டாக்டர். ஆனால் அவள் வேதனைப்படுவதை நாம் எல்லாரும் காண்கிறோம். வாக்கு வாக்குதான்."

நஞ்சுண்டய்யா என்னைப் பார்த்தார். நான் ஊசித் தட்டை எடுத்துவரப் போனேன். தட்டு மேசையில் வந்து அமர்ந்த சத்தத்தில் கன்னியம்மா வெடித்துவிட்டார்.

"சொல்லுய்யா! வாயில என்ன வெச்சிருக்க? உன் துணி மூட்டைக்காக அது சாவணுமா?"

"சும்மா இரு, கன்னி."

"நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

முனுசாமிக்கு என்ன பயம் என்று எனக்கு அப்புறம்தான் விளங்கியது. நாயைக் கேட்டுக்கு வெளியே விட்டான் என்று அந்தத் துரைசாணி ஒரு தோட்டக்காரனை ஒரே நாளில் வேலையைவிட்டு அனுப்பியிருக்கிறார். முனுசாமி வெளுத்ததெல்லாம் அந்த ரோட்டுப் பங்களாத் துணி. மிஸ் பார்லோ வீட்டுத் துணியும் அதில் சேர்த்தி. துரைசாணியின் நாயைத் திருட்டுத்தனமாகப் பழக்கிக்கொண்டான் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் மற்ற பங்களாக்களிலும் கேட் சாத்தப்படும். எதிரே நிற்பதோ துரைசாணியின் உயிர்த்தோழி.

முனுசாமி துப்பட்டியைக் கீழே வைத்தார். மிஸ் பார்லோவைப் பார்க்காமல் நாயைப் பார்த்தே பேசினார்.

"நான் கூட்டிக்கினு போகல தாயி. அதுவா வந்துச்சு. கழுதை மேல மூட்டை ஏத்திக்கினு நான் வெளிய வந்தா, வேலி சந்துல பூந்து பின்னாலயே வந்துடும். தொரத்தினேன். மண்ணாங்கட்டி வுட்டெறிஞ்சேன். நிக்கும், நான் திரும்பினா மறுபடி வரும். நாங்க தொவைக்கிற டோபிகானா வரைக்கும் வரும். இவ கஞ்சி வடிச்சதுல கொஞ்சம் ஊத்துவா. துணி அவிக்கிற வெள்ளாவி அடுப்பாண்ட படுத்துக்கும்."

"எத்தனை முறை?" என்றார் மிஸ் பார்லோ.

"தெனமும் தாயி. தொரசாணி சாப்ட்டு தூங்கற நேரம் வரும். அவங்க டீ குடிக்க ஏந்திரிக்கறதுக்குள்ள கொண்டாந்து வுட்ருவேன்."

"ஒரு வருடமாக?"

"மேலயே இருக்கும்."

மிஸ் பார்லோ நாற்காலியில் உட்கார்ந்தார். நஞ்சுண்டய்யாவுக்கு அவருடைய அதிர்ச்சியில் அக்கறை இல்லை. மூக்கு நுனியில் விஷயம் வந்துவிட்ட ஆனந்தத்தில் இருந்தார். "டோபிகானாவில தண்ணி இருக்கு, வெளுக்கிற சோடா இருக்கு. சரி. ஆனா அது உடம்பெல்லாம் பட்டிருக்கணுமே. வயித்துல இல்லையே? ஏன் காலில மட்டும் கோடு?"

இதற்குக் கன்னியம்மாதான் பதில் சொன்னார். இப்போது அழுகை நின்றுவிட்டது.

"நான்தான் சார் கழுவுவேன். டோபிகானா சேறு கறுப்புச் சேறு. அந்தக் காலோட போனா தொரசாணிக்குத் தெரிஞ்சிரும்ல? அதுக்காவ தெனம் வுடறதுக்கு முன்னால நாலு காலையும் வெள்ளாவித் தண்ணில முக்கி, சவுக்காரம் போட்டு, நல்லா தேச்சு வெளுத்து வுடுவேன். கொஞ்சம் நீலம்கூட போடுவேன், பளிச்சுனு இருக்கட்டும்னு."

"தொரசாணி போன பிறகு?"

"போன பிறகும் கழுவறேன் சார். அவங்க வெச்சிருந்த மாதிரி நாமளும் சுத்தமா வெச்சிக்கணும்ல? இப்பதான் கால் பழுப்பாயிக்கினே போவுது, எவ்ளோ தேச்சாலும் போவல. ரெண்டு வேளையும் தேக்கறேன்."

நஞ்சுண்டய்யா சிரித்தே விட்டார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம். "அம்மா தாயி! நீ வெளுக்க வெளுக்க அதுக்கு எரியுது. எரிய எரிய நக்குது. நக்கினா பழுப்பாகுது. பழுப்பானா நீ வெளுக்கிறே. இது என்ன வேட்டியா?"

கன்னியம்மா சிரிக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்தார். வாழ்நாளெல்லாம் சோடாவில் ஊறிய கை. விரலிடுக்கெல்லாம் வெடித்து, நாயின் காலில் நாங்கள் பார்த்த அதே தடிப்பு. "என் கையே இப்பிடித்தானே இருக்கு" என்று மெல்லச் சொன்னார். "இது தோணலியே எனக்கு."

இதை ஒளிப்பானேன், அந்த இடத்தில் நான் நாயைவிட அந்தப் பெண்ணுக்காகத்தான் வருந்தினேன். ஊசித் தட்டை யாரும் சொல்லாமலே எடுத்து உள்ளே வைத்தேன்.

மருத்துவம் ரொம்ப எளிது. வெறும் தண்ணீர், அதுவும் சேறு இருந்தால் மட்டும். கழுவினால் விரலிடுக்கு ஈரம் போகத் துடைக்கவேண்டும். போரிக் லோஷன், துத்தநாகக் களிம்பு. களிம்பை நக்கிவிடாமல் இருக்கக் கழுத்தில் அட்டை வளையம் மாட்டச் சொன்னார் நஞ்சுண்டய்யா. அட்டை தண்ணீர் பட்டு ஒரே நாளில் ஊறிவிட்டது என்று முனுசாமி வந்தார். "நானே ஒண்ணு பண்ணிக்கிறேன் சார்" என்றார்.

அந்த வாரம் டோபிகானாவுக்குப் போய்ப் பார்த்துவரும்படி என்னை அனுப்பினார் நஞ்சுண்டய்யா. துணி அறையும் சத்தத்தில் பேசுவது கேட்காது. வெள்ளாவி அடுப்பிலிருந்து வழிந்த தண்ணீர் நடைபாதையில் வாய்க்காலாக ஓடியது. முனுசாமி அதன்மேல் பலகை போட்டிருந்தார், நாய்க்கென்று. டெய்ஸி வேப்பமரத்தடியில் காய்ந்த சாக்கில் கழுதையின் காலடியில் படுத்திருந்தது. அதன் கழுத்தில் கெட்டித்துணியில் தைத்து, தடிமனாகக் கஞ்சி போட்டு, விறைப்பாக இஸ்திரி போட்ட பெரிய வெள்ளைக் காலர். எந்தத் துரையின் கழுத்திலும் அவ்வளவு கம்பீரமான காலரை நான் பார்த்ததில்லை. நஞ்சுண்டய்யாவிடம் சொன்னேன். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வேண்டிய காலர்களை முனுசாமிதான் செய்து கொடுத்தார். அந்த யோசனை தன்னுடையது என்று நஞ்சுண்டய்யா மேலிடத்துக்கு எழுதியதும் எனக்குத் தெரியும்.

இரண்டு மூன்று வாரத்தில் வேரிலிருந்து வெள்ளை ரோமம் முளைத்தது. நக்குவது குறைந்து நின்றுபோனது. கடைசியாகக் காட்ட வந்த அன்று மிஸ் பார்லோவும் வந்திருந்தார். முனுசாமியை அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. துணியையும் நிறுத்தவில்லை. போகும் முன் நஞ்சுண்டய்யாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"அப்படியானால் அவள் மார்கரெட்டை நினைக்கவே இல்லையா?"

"எனக்குத் தெரியாதம்மா. நான் காலை மட்டும்தான் பாத்தேன்."

"மார்கரெட்டுக்கு நான் என்ன எழுதுவது?"

"கால்ல புண்ணு, ஆறிடுச்சுன்னு எழுதுங்க. அது நெஜம்தானே?"

அதன்பின் அவர் எப்போதாவது ரூபர்ட்டைக் காட்ட வருவார். கிரெய்க் துரைசாணி ஒவ்வொரு கடிதத்திலும் டெய்ஸி இன்னும் தன்னைத் தேடிப் பழைய பங்களாக் கேட்டருகே போய் உட்கார்கிறதா என்று கேட்கிறாராம். அந்தக் கேள்விக்கு மட்டும் மிஸ் பார்லோ பதில் எழுதுவதில்லை.

சில வருஷம் கழித்து நஞ்சுண்டய்யா ஓய்வுபெற்று மைசூருக்குப் போய்விட்டார். அவர் நாற்காலி எனக்கு வந்தது. மழைக்குச் சற்று முன்பு ஒரு நாள் மிஸ் பார்லோ ரூபர்ட்டோடு வந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. ரூபர்ட்டுக்கும் வாய் நரைத்திருந்தது. அவரும் ஊருக்குப் புறப்படுகிறார். தங்கை கூப்பிடுகிறாளாம், கப்பல் டிக்கெட் வாங்கியாயிற்று.

"முனுசாமி வீட்டில் விட்டுப் பார்த்தேன்" என்றார். "அவர்கள் மிகவும் அன்பாக இருந்தார்கள். ஆனால் இவன் ஒவ்வொரு முறையும் என் வாசலுக்கு வந்துவிடுகிறான். கன்னியம்மா கட்டிவைத்தாள், கயிற்றைக் கடித்துவிட்டான். ஆகையால் தாங்கள்..." அதற்கு மேல் அவருடைய தமிழ் வரவில்லை.

நான் கம்பவுண்டரிடம் ஊசிக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கச் சொன்னேன். அதுவரைக்கும் சும்மா நிற்கத் தெரியாமல், கைப்பழக்கம், நாயை ஜன்னலோரம் நிறுத்தி முன்னங்காலைத் தூக்கினேன். விரலிடுக்கை விரித்தேன். நகத்தை அசைத்தேன். முகர்ந்தேன். இரண்டாவது கால், மூன்றாவது கால், நான்காவது கால். வயதான நாய்க்கு அவ்வளவு நல்ல கால் கிடைப்பது அபூர்வம். ஒரு ரோமத்தில்கூடக் கறை இல்லை.

மிஸ் பார்லோ என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முறையை அவர் முன்பே பார்த்தவர்.

"என்ன காண்கிறீர்கள்?"

"ஒன்றுமில்லை மேடம்" என்றேன். மனசில் ஒன்றும் வைத்துச் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னேன். "சுத்தமான கால். இது தானாக வேறு யார் வீட்டுக்கும் போனதில்லை."

உள்ளே தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. ரூபர்ட் மேசையிலிருந்து குனிந்து மிஸ் பார்லோவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது. பிறகு அவர் வாரை எடுத்து அதன் கழுத்தில் மாட்டி, தானே தூக்கிக் கீழே இறக்கி, "ஆம், போனதில்லை" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார். நான் கம்பவுண்டரை அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு நாள் ரூபர்ட்டுக்கு நகம் வெட்ட அழைத்துவந்தார். கப்பல் என்னவாயிற்று என்று நான் கேட்கவில்லை. காலைத் தூக்கினேன். விரலிடுக்கெல்லாம் சேறு.

"எங்கே போயிருந்தான்?" என்று கேட்டேன்.

"என்னோடுதான்" என்றார் மிஸ் பார்லோ.